மாஸ்டர் ஏறினால் ஆடும் வண்டி

நான் தனியாக இருக்கும்போது சமர்த்தாக ஓடிவிட்டு, அப்பா வந்ததும் ஆட்டம் காட்டும் வண்டியை என்ன செய்வது? எட்டி உதைக்கலாம். அன்று மதியத்துக்குள் அதையும் செய்து பார்த்துவிட்டேன். டயரில்தான் உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

வண்டி அப்பாவுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். என்னைவிட அதற்கு வயது அதிகம். அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அடுத்தவர்கள் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற கையோடு இதை வாங்கிக்கொண்டு வந்து, "இனிமே நான் ஓட்டறேன், நீங்கல்லாம் பக்கத்துல உக்காருங்க" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வண்டிக்கு வந்த நோய் இது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா நிற்கும்போது எஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும். இது ஓடவில்லை. மீட்டர் முள் இறங்கும், எஞ்சின் இருமும், இதோ அணையப்போகிறது என்று நினைக்கும்போது முள் மேலே ஏறும், திரும்ப இறங்கும். ஐடிலிங் நிற்கவில்லை என்போம் எங்கள் மெக்கானிக் தொழிலில். சோதனை மையத்தில் இதற்காகவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய வண்டிக்கு மூன்று வாய்ப்புதான் தருவார்கள். மூன்றாவது அன்று மாலை. அதிலும் தோற்றால் பதிவு ரத்தாகும், வண்டி இரும்புக் கடைக்குப் போகும். "இதுவும் போச்சுன்னா நான் இனிமே எத ஓட்டப்போறேன்" என்று அப்பா காலையில் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டபிறகு எனக்கு வேறு எந்த வண்டியிலும் கை வைக்க மனம் வரவில்லை.

பிளக் மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து துடைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, பிரித்துப் போட்டு, பெட்ரோலில் அலசி, திரும்ப மாட்டினேன். எங்காவது வெடிப்பு வழியாக எஞ்சின் திருட்டுக் காற்று இழுக்கிறதோ என்று குழாய் குழாயாக ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் வண்டி அழகாக நிற்கும். முள் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் இருக்கும். அப்பாடா என்று நிமிர்வேன். சத்தம் கேட்டதும், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பா எழுந்து வருவார். ஷூவைக் கழற்றிக் கதவோரம் வைப்பார். அந்த வண்டிக்குள் செருப்போடு யாரும் ஏறக்கூடாது, அவர் உட்பட. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முள் இறங்க ஆரம்பிக்கும்.

"என்னம்மா, மறுபடி ஆடுதே."

"இப்பதான்ப்பா நல்லா நின்னுச்சு."

"எப்ப?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"நான் பாக்கலையே."

இந்த 'பாக்கலையே'தான் என் உயிரை வாங்கும். நான் கண்ணாடி பார்த்துத் திரும்பினாலும் அவர் பார்க்கவில்லை. சிக்னல் போட்டாலும் அவர் பார்க்கவில்லை. லைசென்ஸ் வாங்கி, ஒர்க்‌ஷாப் வைத்து, ஊர் வண்டிகளை எல்லாம் ஓட்டிப் பார்த்துச் சரி செய்து கொடுக்கிறேன். ஆனால் என் காரில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இல்லாத பிரேக்கைத் தேடி அவர் கால் தரையை மிதிக்கும். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மேட் ஓட்டையே ஆகிவிட்டது. கொஞ்ச நாளாக அந்த மிதி இல்லை. ஒருவழியாக மகளை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த லட்சணத்தில், ஏர் ஃபில்டர் மூடியின் நட்டு வேறு காணாமல் போனது. காலையில் அப்பா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது கழற்றி, மட்கார்டு ஓரத்தில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் இல்லை. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துச் சல்லடை போட்டுத் தேடினேன். அப்பா அதற்குள் தெருமுனைவரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து, "இன்னுமா தேடற?" என்றார். பக்கத்தில் கதவு நெளிசல் எடுத்துக்கொண்டிருந்த டிங்கர்மேல் பாய்ந்தேன். சுத்தியல் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

"நீ எடுத்தியா?"

"உங்க நட்ட எடுத்து நான் என்னக்கா, மோதிரமா போட்டுக்கப் போறேன்?"

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. வேறொரு நட்டைப் போட்டு முறுக்கி, எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஆடாமல் நின்றது. அப்பா வந்தார், ஷூவைக் கழற்றினார், ஏறினார். முள் இறங்கியது.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரை மேஜைமேல் வீசினேன்.

"அப்பா, தயவு செஞ்சு இறங்குங்க. வண்டில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு நீங்கதான். நீங்க ஏறினாதான் அது ஆடுது."

இறங்கினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுத்தியல்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, ஆட்டம் நின்னுருச்சு."

ஆமாம். முள் அசையவில்லை. கோபத்தில் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டது. நான் ஏறி உட்கார்ந்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வண்டி நின்றால் ஹேண்ட் பிரேக், காலுக்கு ஓய்வு: மாஸ்டரின் முதல் பாடம் அது, தூக்கத்திலும் மறக்காது. எஞ்சின் துளிகூட ஆடவில்லை. இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தேன்.

"இப்ப நீங்க ஏறுங்க."

"வேணாம்மா. நான்தான் கோளாறாச்சே."

"ஏறுங்கப்பா."

ஏறினார். முள் இறங்கியது. கதவைச் சாத்தவிடாமல் அப்படியே தரையில் முட்டி போட்டு உள்ளே தலையை விட்டேன். டேஷ்போர்டுக்குக் கீழே எங்கோ உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம். பிரேக் பெடல்மேல் அப்பாவின் சாக்ஸ் போட்ட கால் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் அழுந்துகிறது, கொஞ்சம் தளர்கிறது. அது அழுந்தும்போது உஸ் சத்தம் கூடியது, எஞ்சின் தொய்ந்தது.

பிரேக் பூஸ்டர். பிரேக் மிதிக்க லேசாக இருப்பதற்காக வைத்திருக்கும் உருண்டை டப்பா. அதற்குள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது. பெடலைத் தொடாதவரை ஒன்றும் தெரியாது. தொட்டால் கிழிசல் வழியாகக் காற்று எஞ்சினுக்குள் போய் அதன் மூச்சைக் கெடுக்கும். நான் முன்னால் பானெட்டைத் திறந்துவைத்துத் தேடிக்கொண்டே இருந்தேன், பெடலை யாரும் தொடாத நேரமாகப் பார்த்து. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"கிடைச்சிருச்சு. சுத்தியல், பின்னாடி அடிபட்டு ஒரு வண்டி கிடக்குல்ல, அதோட பூஸ்டர் இதுக்குப் பொருந்தும். கழட்டிட்டு வா. அப்பா, இப்ப பிரேக்லேர்ந்து கால எடுங்க."

"பிரேக்க யாரு மிதிச்சா? கால் கீழதான இருக்கு."

"பெடல் மேல இருக்கு."

"எனக்கே பிரேக் பாடமா? நின்னா ஹேண்ட் பிரேக். போட்டுட்டேன். கால எடுத்துட்டேன். இன்னும் ஏன் ஆடுதுன்னு அத பாரு."

கிண்டல் செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தார். எடுக்காத காலை எடுத்துவிட்டதாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கணுக்காலைப் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தேன். எஞ்சின் உடனே சீராயிற்று. அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். சாக்ஸின் அடியில் ஒரு கறை இருந்தது. கிரீஸ் என்று நினைத்து விரலால் தேய்த்தேன். அது ஈரமாக இருந்தது. சாக்ஸை உருவினேன். உள்ளங்காலில் ஆறு மூலைகளோடு ஓர் அச்சு, அச்சு அசலாக ஒரு நட்டின் அளவு. ஒரு மூலையில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது.

கதவோரம் இருந்த ஷூவை எடுத்துக் கவிழ்த்தேன். காலையிலிருந்து நான் தேடிய நட்டு விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு போனது.

எஞ்சினை அணைத்தேன்.

"இதோடயா டீ குடிக்கப் போயிட்டு வந்தீங்க?"

அவர் சாக்ஸை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு நாளாப்பா?"

"என்ன எவ்வளவு நாளா?"

"அப்பா."

"கொஞ்ச நாளா பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. சுகர் இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் சகஜம்."

"டாக்டர் சொன்னாரா?"

"பேப்பர்ல போட்டிருந்தான்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லலாம். ஒண்ணும் தெரியலங்கறத என்னன்னும்மா சொல்றது?"

எனக்கு அந்த மேட் ஞாபகம் வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"என் வண்டில வரும்போது இப்பல்லாம் தரைய மிதிக்கிறதில்லையே. அதுவும் இதனாலயா?"

"மிதிச்சா தரை இருக்கா இல்லையான்னே தெரியல. அப்பறம் மிதிச்சு என்ன பிரயோஜனம்."

என்னை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல், அந்தப் பேப்பர்காரன்மேல், என்மேல். இந்தக் காலை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் ரோட்டில் ஓட்டினார்? அழுதால் கண்ணைத் துடைக்கக்கூட முடியாது, இரண்டு கையிலும் கிரீஸ். முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். நாளைக் காலையில் டாக்டர், மறுபேச்சு கிடையாது என்றேன். தலையை ஆட்டினார். நான் அழுத்தித் துடைத்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

"இந்த மாதிரி ஒருத்தன் என்கிட்ட கத்துக்க வந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்?" என்றார் கட்டைப் பார்த்தபடி.

எனக்குத் தெரியும். 

சுத்தியல் பூஸ்டரோடு வந்தான். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்துவிட்டு, கேலி பேசாமல் ஸ்குருடிரைவரை எடுத்துக் கொடுத்தான். மாட்டி முடித்து, பெடலை என் கையாலேயே அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எஞ்சின் அசையவில்லை. எத்தனையோ நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட வேலை அது. முடிந்ததில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

சோதனை மையத்துக்கு நான்தான் ஓட்டிப் போனேன். போய் இறங்கியதும் சாவியை அப்பா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அங்கிருந்த அதிகாரி அப்பாவின் பழைய மாணவர். போன இரண்டு தடவையும் மனமில்லாமல் திருப்பி அனுப்பியவர்.

"வாங்க மாஸ்டர். நீங்களே ஏத்தி மேடைல நிறுத்துங்க."

அப்பா சாவியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"இவ நிறுத்துவா."

"ஏன் மாஸ்டர், என்னாச்சு?"

"ஃபெயில்" என்றார் அப்பா.

"இன்னும் டெஸ்டே பண்ணலையே."

"வண்டிய சொல்லல. அது பாஸ் ஆகும்."

பாஸ் ஆனது. குழாயைச் செருகிப் புகை பார்த்தார்கள், பிரேக் பார்த்தார்கள், முள்ளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை. அதிகாரி கை கொடுத்தபோது அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலேயே இருந்திருக்கலாம்.

திரும்பும்போது அவர் பக்கத்து சீட்டில் பேசாமல் வந்தார். பெல்ட் போட்டதும் கால்களை எப்படி வைத்தாரோ அப்படியே இருந்தன. எவ்வளவு வருடமாக நான் கேட்ட அமைதி அது. தாங்க முடியவில்லை. முன்னால் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எங்களுக்கு முன்னே நின்ற லாரி கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. வேண்டுமென்றே பிரேக்கைத் தாமதித்தேன், ஒரே ஒரு நொடி. பெடல்மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, கண் ஓரத்தால் அவர் காலைப் பார்த்தேன். மிதிங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன். கால் அசையவில்லை.

கை அசைந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரே இழு இழுத்தார். வண்டி குலுங்கி நின்று அணைந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"பிரேக் எங்க? நான் கேக்கறேன், பிரேக் எங்க? லாரி தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுதுப்பா. பிரேக்க மிதிக்கத்தான் போனேன்."

"நான் பாக்கலையே."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்து, ஒரே சீராக ஓடியது. அவர் கை இன்னும் ஹேண்ட் பிரேக்கிலேயே இருந்தது.

"கைய எடுங்கப்பா. கியர் போட இடிக்குது."

"நீ ரோட்ட பாத்து ஓட்டு. நான் எடுக்கறேன்."

பச்சை விழுந்ததும் அவரே அதை இறக்கிவிட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை. வீடுவரைக்கும் கியர் மாற்றும்போதெல்லாம் என் கை அவர் கையில் இடித்துக்கொண்டே வந்தது. எடுங்கள் என்று நானும் மறுபடி சொல்லவில்லை.