ஒரே டேக்

ஜெபகுமாரின் முதல் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: ‘ஒரே டேக்’. அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் அவனே இன்ஸ்டாகிராமில் சொல்லிவிட்டான். ஒவ்வொரு பாட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் பாடிப் பதிந்ததாக இருக்கும். வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது, கம்ப்யூட்டரில் நகர்த்திச் சரிசெய்த ஒரு சொல்கூடக் கிடையாது. அவன் ஊரான கோவளத்துப் பையன்கள் அதற்குக் கீழே, “பாக்கத்தானே போறோம்” என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

இப்போது முதல் பாட்டே வரவில்லை.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது நித்யஸ்ரீயின் ஸ்டுடியோ. இரண்டே அறைகள். முன்பு துணி அலமாரி இருந்த சின்ன அறையில் சுவரெல்லாம் ஜமக்காளம் தொங்கும். பாடுகிறவன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் மைக் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஜமக்காளம் அதை விழுங்கிவிடும். மின்சார ரயிலின் ஹார்னை மட்டும் எதனாலும் விழுங்க முடிவதில்லை. அது கேட்டால் எல்லோரும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

நித்யஸ்ரீயின் தம்பி ஷ்யாம்சுந்தரும் ஜெபகுமாரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாளம், அதாவது பீட், எல்லாம் ஷ்யாம் செய்தது. சின்ன அறையில் ஜெபகுமார் பாடி முடித்ததும், வெளி அறையில் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“மச்சான், மறுபடியும் பீட்டுக்கு முன்னாடி ஓடுற.”

“எங்கடா ஓட்றேன்? பீட்டோடதான் வந்துனுகீறேன்.”

“கேளம்பாக்கம் ஸ்டேஜ்லயும் இதேதான் சொன்ன. பீட் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். பின்னாடி நாய் துரத்துற மாதிரி.”

கேளம்பாக்கத்தை நினைவுபடுத்தியது ஜெபகுமாருக்குச் சுருக்கென்றது. அன்று கூட்டத்தைப் பார்த்த பயத்தில் ஓடிவிட்டதாகத்தான் அவன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். இங்கே கூட்டமும் இல்லை, பயமும் இல்லை.

“அக்கா ஒவ்வொரு வார்த்தையையும் புடிச்சு கோட்டுல உக்கார வச்சிடுவா. யாருக்குடா தெரியப்போகுது?” என்றான் ஷ்யாம்.

“எனக்குத் தெரியும்ல? அப்றம் இன்னாத்துக்கு அந்தப் பேரு?”

“பேர மாத்து.”

ஜெபகுமார் வெளியே வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். திரையில் குரல் ஒரு மலைத்தொடர் போலத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் ஒரு மேடு. மேலிருந்து கீழாக நேர்கோடுகள் போகும். தாளம் விழும் இடங்கள் அவை. சொல்லின் மேடு கோட்டில் தொடங்கினால் பாட்டு தாளத்தில் இருக்கிறது. அவனுடைய மேடுகள் எல்லாம் கோட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டிருந்தன.

அவன் முதல் வரியைப் பார்த்தான். நடுவில் ஒரு வரியைப் பார்த்தான். கடைசி வரிக்குப் போனான்.

“அக்கா, பதட்டத்துல ஓட்றவன் ஒரு எடத்துல கொஞ்சம் ஓடுவான், இன்னோர் எடத்துல நெறய ஓடுவான். இங்க பாரு. எல்லாமே ஒரே அளவு முந்தி கீது.”

நித்யஸ்ரீ கிட்டே குனிந்து பார்த்தாள். உண்மைதான். அளவெடுத்துத் தைத்தது போல ஒரே இடைவெளி.

“நீ வீட்டுல ரெக்கார்ட் பண்ணினது ஏதாவது இருக்கா?”

ஜெபகுமார் போனிலிருந்து ஒன்றை அனுப்பினான். அதே பாட்டு, பின்னணியில் கோவளத்துக் காக்கைச் சத்தத்தோடு. திரையில் ஏற்றியதும் மேடுகள் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன.

“அங்க என்ன ஹெட்ஃபோன்?” என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

ஜெபகுமார் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். இரண்டு வருடமாக அங்கேயே கிடக்கும் ப்ளூடூத் நெக்பேண்ட்.

நித்யஸ்ரீ நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “கோவளத்துல புடிச்ச மீன அப்படியேவா கேளம்பாக்கம் அனுப்புறீங்க? ஐஸ் போட்டு, பெட்டியில அடைச்சு, அங்க போய்ப் பிரிக்கிறீங்க இல்ல? ப்ளூடூத்தும் அதான் பண்ணுது. சத்தத்தைச் சுருக்கி, கட்டி, காத்துல அனுப்பி, உன் காதுல வந்து பிரிக்குது. அதுக்குள்ள கண் சிமிட்டுற நேரம் போயிடும்.”

மீதி அவனுக்கே புரிந்தது. ஆரம்பத்தில், காதில் பீட் தாமதமாக விழ, அதைக் கேட்டு அவன் பாட, போனில் பதிந்த குரலும் அந்த அளவு பிந்தியே நின்றிருக்கிறது. திரும்பக் கேட்டபோது இடித்திருக்கிறது. தப்பு தன்னுடையது என்று நினைத்து, பீட் காதில் விழுவதற்கு ஒரு பொடி முன்னாலேயே வாயைத் திறக்கப் பழகிவிட்டான். இரண்டு வருடப் பழக்கம். வயர் போட்ட ஹெட்ஃபோனில் பீட் உடனே கேட்கிறது; பழகிய வாய் மட்டும் முன்னால் போகிறது.

“மொத்தப் பாட்டையும் ஒரே இழுப்பு பின்னாடி இழுத்தா போதும். வார்த்தைய ஒண்ணையும் தொட வேணாம்,” என்றாள் நித்யஸ்ரீ.

“இழுத்தா இழுத்ததுதானேக்கா?” ஜெபகுமார் நெக்பேண்டைக் காட்டினான். “இதுலயே பீட்ட அனுப்ப முடியுமா?”

அவள் கீழே போய், டிவி சத்தம் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று அப்பா வாங்கி வைத்திருந்த சின்னக் கருவியை எடுத்து வந்தாள். ஹெட்ஃபோன் வயரைச் செருகும் இடத்தில் அதைச் செருகினால், உள்ளே வருகிற சத்தத்தை அது ப்ளூடூத்தில் அனுப்பிவிடும். ரயில் ஒன்று போகட்டும் என்று காத்திருந்துவிட்டுத் தொடங்கினார்கள்.

“கூட மேல கூட வச்சு ஏறிச்சு எங்க அம்மா
கண்டக்டரு மூக்க மூடி ‘எறங்கு’ன்னான் சும்மா
நாத்தமின்னு சொன்னவனோட ஞாயித்துக்கெயம தட்டுல
நாங்க புட்ச்ச வஞ்சிரந்தான் குந்தினுகீது நடுவுல…”

மேடுகள் கோட்டில் விழுந்தன. ஷ்யாம் சத்தமில்லாமல் தொடையில் தட்டினான்.

பாதிப் பாட்டில் ஜெபகுமாரின் காதுக்குள் ஒரு பெண் குரல், ‘பேட்டரி லோ’ என்றது. அவன் நிறுத்தவில்லை. மறுபடியும் சொன்னது. அடுத்த வரியில் டொய்ங் என்று ஒரு சத்தம். அதோடு பீட் போய்விட்டது. காதில் ஒன்றுமே இல்லை.

நிறுத்தி, சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாடியிருக்கலாம். ஆனால் வாய் ஏற்கெனவே அடுத்த வரியில் இருந்தது. இடது குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக்குள்ளேயே கூடையை இறக்கி, அம்மாவை அடுத்த பஸ்ஸில் ஏற்றி, மூச்சு முட்ட முட்டப் பாடி முடித்தான்.

வெளியே இருந்த இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் வந்து, “பாதியில செத்துப்போச்சுக்கா” என்று நெக்பேண்டை மேசையில் போட்டபோதுதான் தெரிந்தது.

நித்யஸ்ரீ திரையைப் பெரிதாக்கினாள். செத்த இடத்தைத் தேடிப் பார்த்தார்கள். எது அந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோடு, மேடு, கோடு, மேடு. கடைசிச் சொல் மட்டும் ஒரு மயிரிழை பிந்தியிருந்தது.

“அந்த ஒண்ண மட்டும்…” என்று ஷ்யாம் மவுஸை நோக்கிக் கையை நீட்டினான்.

“கைய எட்றா,” என்றான் ஜெபகுமார்.

நித்யஸ்ரீ கோப்புக்கு ‘கூடை’ என்று பெயரிட்டுச் சேமித்தாள். நெக்பேண்டைச் சார்ஜில் போடப்போனவளை ஜெபகுமார் தடுத்தான்.

“வயர் போட்டதக் குடுக்கா. நாளைக்கு ஸ்டேஜ்ல பீட் நேரா காதுல வுந்தா இன்னா பண்ணுவேன்?”

இரண்டாவது பாட்டு ஓடத் தொடங்கியது. முதல் சொல் கோட்டுக்கு முன்னால் விழுந்தது.

“முந்திட்ட,” என்றாள் நித்யஸ்ரீ.

“தெரிஞ்சுதுக்கா. மறுபடி போடு.”