ஆறு நிமிடச் சேமிப்பு

மனித குல வரலாற்றின் புதிய அத்தியாயம் ஒன்று, வருகின்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, குளுவாங் ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கவிருப்பதாக இதனால் சகலருக்கும் அறிவிக்கப்பட்டது. மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான், இடையில் வேறு சில சில்லறைச் சாதனைகளும் நடந்தன. இப்போது, மூன்றாம் எண் பேருந்து வருவதைக் கண்டதும் சிவப்பு விளக்கு தானாகவே பச்சையாக மாறப்போகிறது.

அறிவிப்பை எழுதியவர் போக்குவரத்து ஆலோசகர் குமரப்பன். அதை அவர் தம் கையாலேயே பேருந்தின் பின்கண்ணாடியில், டுரியான் ஐஸ்கிரீம் விளம்பரத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார். படித்தவர்கள் பெரும்பாலும் டுரியான் வரையில்தான் படித்தார்கள்.

குமரப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. செட்டிநாட்டிலிருந்து மலேசியாவுக்கு வந்து மூன்று தலைமுறையாகக் குளுவாங்கில் கடை வைத்திருக்கும் குடும்பம். அண்ணன்மார் இருவரும் இரும்புக் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் பொறியியல் படித்து, ஓர் ஆலோசனை நிறுவனம் தொடங்கி, அதற்குத் தாமே தலைவராகவும் தாமே ஊழியராகவும் இருந்தார். வீட்டில் சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால், ‘வெந்துவிட்டது’ என்று சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ‘வேகும் நிலையை நோக்கி முன்னேறுகிறது’ என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நம்பித்தான் அவர் இருந்தார். ரயில் நிலையத்திலிருந்து சந்தை கூடும் பசார் வரை சுற்றிவளைத்துப் போகும் சாலையில் பத்து சந்திப்புகள். அவற்றில் நான்கில் மட்டும் சோதனைக்காகக் கருவி பொருத்தியிருந்தார். பசாரைத் தாண்டி மருத்துவமனை போய்ச் சேரப் பேருந்துக்கு மொத்தம் இருபத்தெட்டு நிமிடம் பிடிக்கும். அது இருபத்து மூன்றுக்குள் வந்துவிட்டால் பத்து சந்திப்புகளுக்கும் ஒப்பந்தம் அவருக்கே. வராவிட்டால் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். போகிற இடம் இரும்புக் கடை. ‘ஆணி எடை போடவாவது வாயேன்’ என்று பெரியண்ணன் தீபாவளி விருந்தில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டிருந்தார்.

ஆய்வு செய்ய ஜொகூர் பாருவிலிருந்து டத்தோ ஜெயபாலன் வந்தார். டத்தோ என்பது சுல்தான் தந்த பட்டம்; பதவி, சாலைத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவின் தலைவர். கோட்டு, கழுத்துப்பட்டை, கையில் நேரம் அளக்கத் தயாராகத் தொலைபேசி. அவரை முதல் இருக்கையில் அமர்த்திவிட்டு, குமரப்பன் ஓட்டுநரிடம் போனார். ஓட்டுநர் மலர், சிம்பாங் ரெங்கத்துப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வளர்ந்தவள். இதே தடத்தில் ஒன்பது வருடம் ஓட்டியவள்.

“மலர், இன்னைக்கு நீங்க ஓட்டப்போறது பஸ் இல்ல. வரலாறு.”

“சரி சார். வரலாறுக்கு பிரேக் கொஞ்சம் கத்துது. போன வாரமே ரிப்போட் எழுதிக் குடுத்துட்டேன்.”

எட்டு மணிக்குப் பேருந்து கிளம்பியது. கருவி வைத்த முதல் சந்திப்பை நெருங்கியதும் சிவப்பு மறைந்து பச்சை வந்தது. குமரப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டாவதும் பச்சை. மூன்றாவதில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று குறுக்குச் சாலையில் முக்கலும் முனகலுமாக நின்று வழிவிட்டது. லாரிக்காரன் ஏதோ சொன்னான். கண்ணாடி மூடியிருந்ததால் குமரப்பன் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார். நான்காவதும் பச்சை. வழக்கமாக எட்டு இருபதுக்குப் பசாரைத் தொடுகிற பேருந்து, எட்டு பதினாலுக்கே தொட்டுவிட்டது.

“ஆறு நிமிஷம் லாபம். நல்லா இருக்கு லா,” என்றார் டத்தோ.

இங்கிருந்து மருத்துவமனைக்கு எட்டே நிமிடம். குமரப்பன் மனத்துக்குள் இரும்புக் கடைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பசார் நிறுத்தத்தில் இருவர் இறங்கினார்கள். கதவு மூடவில்லை. மலர் இன்ஜினை அணைத்தாள். பைக்குள்ளிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்து, ரப்பர் வளையத்தைக் கழற்றினாள்.

குமரப்பன் எழுந்து முன்னால் போய்க் குரலைத் தாழ்த்தினார். “எடுங்க மலர்.”

“எட்டு இருவதுக்குத்தான் சார்.”

“என்ன எட்டு இருவது?”

“டைம்டேபிள். அதுக்கு முந்தி பசார்லேருந்து எடுக்கக் கூடாது.”

“எந்த மடையன் சொன்னது?”

மலர் கரண்டியால் மேலே காட்டினாள். கண்ணாடிக்கு மேல், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள். ‘நேர ஒழுக்கமே நாகரிகத்தின் நுழைவாயில்.’ பதினொரு விதிகள். அடியில் வளைந்து நெளிந்து ஓடியது குமரப்பனின் கையெழுத்து.

இரண்டு வருடம் முன்பு, பேருந்துகள் தோன்றிய நேரத்துக்குக் கிளம்பிவிடுகின்றன என்று பயணிகள் புகார் செய்தபோது, பேருந்து நிறுவனம் அவரைத்தான் ஆலோசகராக அமர்த்தியது. அவரும் ஒழுக்கத்தைக் கொண்டுவந்தார். நேரத்துக்கு முன் கிளம்பினால் பேருந்திலுள்ள பெட்டி தானே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். மூன்று முறை சொன்னால் ஓட்டுநருக்கு ஒரு வாரம் வேலை இல்லை.

“எனக்கு ஏற்கெனவே ரெண்டு ஆயிடுச்சி. ஒண்ணு வெறும் நாப்பது செகண்டு. உங்க பொட்டிக்கு ரொம்பக் கூர்மையான கண்ணு சார்.”

“லைட் எல்லாம் மாறியாச்சு. டைம்டேபிளும் மாறணும்னு யாருக்கும் தோணலயா?”

“அதான் சார் நாங்களும் கேட்டுக்கிட்டு இருந்தோம். நீங்க பாத்துக்குவீங்கன்னு சொன்னாங்க.”

“அட்டவணை என் ஸ்கோப்புல இல்ல,” என்றார் குமரப்பன், கம்பீரமாக. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “நானே எழுதித் தர்றேன். விதிவிலக்கு.”

“அது ஏழாவதுல இருக்கு சார். மூணு வேலை நாளுக்கு முந்தி ஃபாரம் நெரப்பிக் குடுக்கணும்.”

குமரப்பன் ஏழாவது விதியைப் படித்தார். ஓட்டையே இல்லாத வாக்கியம். எழுதியவனைக் கட்டித் தழுவலாம் போலவும் இருந்தது, கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது.

“ஒரு நாளைக்கு எடுத்தா என்ன? இங்க யாரு காத்துக்கிட்டு இருக்காங்க?”

“பாலோ ஊரு பஸ் எட்டு பதினெட்டுக்கு வரும். ஒம்பது பேரு இதுல மாறுவாங்க. விட்டுட்டுப் போனா அடுத்தது ஒம்பது மணிக்குத்தான். வெள்ளையம்மாக்கா ஆஸ்பத்திரி லாண்டரில எட்டே முக்காலுக்கு கார்ட் அடிக்கணும். நீங்க போய் அடிப்பீங்களா சார்?”

ஜன்னலுக்கு வெளியே, சற்று முன் வழிவிட்டு நின்ற செம்பனை லாரி நிதானமாகக் கடந்து போனது. டத்தோ தொலைபேசியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், எழுந்து வந்தார்.

“என்ன பிரச்சினை, குமரப்பன்?”

பொறியாளனுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம்; ஆலோசகனுக்கு அந்த உரிமை கிடையாது. குமரப்பன் திரும்பியபோது முகத்தில் பூரண தெளிவு.

“பிரச்சினையே இல்ல டத்தோ. இதுதான் சிஸ்டத்தோட இதயம். நேர வைப்பகம். அங்கங்க சிவப்பு லைட்டுல சிந்திப்போன நேரத்தையெல்லாம் திரட்டி, ஒரே இடத்துல பயணிக்குத் திருப்பிக் குடுக்கறோம்.”

“திருப்பியா?”

“மொத்தமா.”

டத்தோ யோசித்தார். நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே கரிபாப் பொரியும் கடை இருந்தது. வாசனையும் யோசனையில் கலந்துகொண்டது. “அப்ப நான் ஒரு தே தாரேக் குடிக்கலாமா?”

“அதுக்காகத்தான் டத்தோ வடிவமைச்சதே.”

டத்தோ இறங்கிப் போனார். பாலோ பேருந்து வந்தது. முதலில் ஏறிய வெள்ளையம்மா, கையில் கரிபாப்புடன் கோட்டுக்காரர் ஒருவரும் பின்னால் ஏறுவதைக் கண்டாள்.

“என்ன மலரு, மாப்பிள்ளையெல்லாம் ஏத்திருக்க. பஸ்ஸு கல்யாணத்துக்குப் போகுதா?”

“லைட்டு பச்சையா மாறுதுக்கா. இந்த சார் செஞ்சது.”

“மாறி?”

“சீக்கிரம் வந்துட்டோம்.”

“வந்து?”

“நிக்கிறோம்.”

வெள்ளையம்மா குமரப்பனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். “நல்லா செஞ்சீங்க தம்பி. முந்தியெல்லாம் லைட்டு லைட்டா நின்னு நின்னு வரும். இப்ப ஒரே எடத்துல நிக்குது. கால் நீட்டிக்கலாம்.”

குமரப்பன் குறிப்பேட்டை எடுத்து, ‘பயணிகளிடையே பலத்த வரவேற்பு’ என்று எழுதிக்கொண்டார்.

எட்டு இருபதுக்குப் பேருந்து கிளம்பியது. மருத்துவமனை வாசலில் நின்றபோது டத்தோவின் தொலைபேசி இருபத்தெட்டு நிமிடம் காட்டியது. ஆணிகளின் எடை குமரப்பனின் கையில் தெரிந்தது.

“இருபத்து மூணுன்னு சொன்னீங்களே,” என்றார் டத்தோ.

“சேமிச்சாச்சு டத்தோ. நாலு லைட்லயும் ஆறு நிமிஷம். அது எங்க போச்சுன்னா...” குமரப்பன் மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்தினார். டத்தோவும் கீழே பார்த்தார். கழுத்துப்பட்டையில் கரிபாப் துணுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவர் அதைத் தட்டிவிட்டார். “டைம்டேபிள்படி எத்தனைக்கு வரணும்?”

“எட்டு இருபத்தெட்டு.”

“வந்தது?”

“எட்டு இருபத்தெட்டு, டத்தோ.”

“என் சர்வீஸ்ல சொன்ன நேரத்துக்கு நடந்த சோதனை இது ஒண்ணுதான் லா,” என்று சொல்லி டத்தோ கை கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒப்பந்தக் கடிதம் வந்தது. குமரப்பன் அதன் நகலை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போய், பெரியண்ணன் தலைக்கு மேலே சுவரில் தாமே ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தார். மூன்று மாதத்தில் பத்து சந்திப்புகளிலும் கருவி பொருத்தப்பட்டது. பத்து விளக்குகளும் பேருந்தைக் கண்டதும் பச்சையாகின்றன.

பேருந்து இப்போது பசாரில் பதினொரு நிமிடம் நிற்கிறது.