தெரிஞ்சுதுங்க ஐயா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததல்ல, நான் எடுத்துக்கொண்டது. 1951-இல் மலாக்கா மாநிலத்துப் போலீஸ் நிலையம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். துரை கேட்கும் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வதும், தோட்டத்து ஆட்கள் சொல்லும் தமிழை ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலை. ஒருநாள் காலையில், ஒரு பெண் சொன்ன ஒரே ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் சொன்னேன். அதைச் சரியாகச் சொன்னேனா என்பது ஏழு வருடமாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

(தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நியாலாஸ் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.)

2

எப்படித் தொடங்குவது?

"நியாலாஸ் காடு அன்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது." அடித்துவிட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் ஐந்து ஆண்கள். காட்டின் மேல் ஏன் போட வேண்டும்?

"இருசம்மாள் பயமறியாதவள்." இதையும் அடித்துவிட்டேன். அவளை விசாரணை அறையில் ஒரு மணி நேரம் பார்த்தேன். கால்விரல்களைத் தரையில் அழுத்திக்கொண்டே நின்றாள். பயம் நன்றாக அறிந்தவள்.

"அங்கமுத்துவின் காதுக்குள் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது, அவன் கையைத் தூக்கவில்லை." இது இருக்கட்டும். இதை அங்கமுத்துவே எனக்குச் சொன்னான்.

3

அங்கமுத்து அதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்ச் சண்டை தொடங்கி, அவசரகாலம் வந்ததும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆனான். ஆட்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிய கம்பி வேலியைக் காவல் காப்பது அவன் வேலை. காட்டிலிருக்கும் ஆட்களில் ஒருவன் அரிசி வாங்க இந்த வழியாக இறங்கப்போகிறான் என்று யாரோ தகவல் கொடுக்க, நான்கு சிப்பாய்களுக்கு வழிகாட்ட அவனை அனுப்பினார்கள். விடியுமுன்பே போய், ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பெரணிப் புதருக்குள் படுத்துவிட்டார்கள்.

எப்படி ஒளிய வேண்டும் என்று ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முகத்தில் சட்டிக் கரி. தலைக்கு எண்ணெய் கூடாது, வாசம் காட்டிக்கொடுக்கும். சுருட்டு கூடாது. தொப்பியில் சொருகிய இலை வாடுவதற்குள் வேறு இலை மாற்ற வேண்டும். இலையின் மேல்பக்கம் மேலேயே இருக்க வேண்டும். அடிப்பக்கம் வெளுத்திருக்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

"அசையாம நாலு மணி நேரம் கிடந்தேன் சார்," என்றான் அங்கமுத்து. "ஒரு அணில் என் கால் மேல ஏறிப் போச்சு. செடியாவே ஆயிட்டேன்னு நெனச்சேன்."

பத்து மணிக்கு இருசம்மாள் வந்தாள். பால் எடுக்கும் வாளிகள் இரண்டு, தோளில் ஒரு தண்ணீர்ப் போத்தல். கடைசி நிரையின் கடைசி மரத்துக் கோப்பையிலிருந்த பாலை வாளியில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். புதரைப் பார்த்தாள். பிறகு, நாலு நிரை தள்ளி நிற்பவருக்குக் கேட்கும் குரலில் கூப்பிட்டாள்:

"யாரு, அங்கமுத்து அண்ணனா? இந்த வெயில்ல அங்க என்னா பண்றீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?"

அங்கமுத்து தலையைத் தூக்கவில்லை.

"உங்களத்தாண்ணே! கூட இருக்கிறவங்களுக்கும் இருக்குலா, வாங்க!"

மேட்டில், காட்டுக்குள், சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். சிப்பாய்கள் எழுந்து சுட்டார்கள். யார் மேலும் படவில்லை. இருசம்மாள் வாளியைக் கீழே போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"செடிய யாரு சார் அண்ணேன்னு கூப்பிடுவா?" என்றான் அங்கமுத்து. "எனக்கு வெக்கமா போச்சு. அப்புறந்தான் பயம்."

4

மறுநாள் காலை விசாரணை. இருசம்மாள் சேலம் பக்கத்தில் பிறந்தவள். காட்டு ஆட்களுக்கு உதவினாள் என்று முடிவானால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் வெளியே பக்கத்து வீட்டு சுப்பம்மாவோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவளுக்கு ஆறு வயது இருக்கும். ஜன்னல் வழியே எனக்கு அவள் பின்னல் மட்டும் தெரிந்தது.

துரை கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "அங்க ஆளுங்க பதுங்கி இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதுங்க ஐயா."

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். தமிழ் படிக்கிற உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்ணில் பட்டாலும் தெரிந்தது என்கிறோம், மனத்தில் முன்பே இருந்தாலும் தெரிந்தது என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள். துரை பேனாவோடு காத்திருந்தார். "பார்த்தேன்" என்று நான் சொன்னால் அவள் வீட்டுக்குப் போவாள். "அறிந்திருந்தேன்" என்று சொன்னால் கப்பலுக்குப் போவாள்.

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். 'கண்ணால பார்த்தியா, இல்ல முன்னமே தெரியுமா?' என்று. ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளன் அதைத்தான் செய்வான். நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாள் முயன்றேன். இப்படியே இருக்கட்டும்.)

"பார்த்ததாகச் சொல்கிறாள்," என்றேன் ஆங்கிலத்தில்.

அடுத்து அங்கமுத்துவைக் கூப்பிட்டார்கள். தன் தொப்பியில் ஒரு பெரணி இலை தலைகீழாக, வெளுத்த பக்கம் வெளியே தெரியும்படி இருந்தது என்றும், பால் வெட்டுகிற யார் கண்ணுக்கும் அது பட்டிருக்கும் என்றும், தவறு தன்னுடையது என்றும் சொன்னான். துரை அதையும் எழுதிக்கொண்டார். மாலையில் இருசம்மாளை அனுப்பிவிட்டார்கள். அங்கமுத்துவுக்கு அந்த வாரமே வேலை போயிற்று.

5

கதை அங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து, அதே தோட்டத்துச் சாலையில், ரப்பர் ஏற்றி வந்த லாரியைக் காட்டிலிருந்து சுட்டார்கள். ஓட்டுநர் வீராசாமி இறந்துபோனார். சாட்சிகளை விசாரிக்கத் துரையோடு அந்த வீட்டுக்குப் போனேன். வீராசாமியின் மனைவி கமலவேணி எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். கடைசியில் என்னிடம் மட்டும், "நான் சொன்னத அப்படியே சொல்றீங்கள்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று ஓடியவனும் லாரியைச் சுட்டவனும் ஒரே ஆளா? யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் வேலையை விட்டு, மலாக்கா டவுனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தச் சேர்ந்தேன்.

போன மாதம் சிம்பாங் அம்பாட் போகும் பஸ்ஸில் கண்டக்டராக அங்கமுத்துவைப் பார்த்தேன். மேலே எழுதிய எறும்பும் அணிலும் அப்போது கிடைத்தவைதான். இறங்கும்போது ஒன்று சொன்னான்.

"இருசம்மாளுக்கு ஒரு தம்பி இருந்தான் சார், சாமிநாதன். யூனியன்ல இருந்தான். நாப்பத்தெட்டுல காட்டுக்குள்ள போயிட்டான்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தோட்டத்துல எல்லாருக்குந் தெரியும்."

"அப்போ அந்த இலை பொய்யா?"

"இலை தலைகீழாத்தான் சார் இருந்துச்சு. அதப் பார்த்துத்தான் கூப்பிட்டுச்சா, தம்பிக்காகக் கூப்பிட்டுச்சா, அது எனக்கெப்படித் தெரியும்?" மணிக்கயிற்றை இழுத்தான். "தெரியாமத்தான் சொன்னேன். தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ."

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஓடியது ஒரு காட்டுப்பன்றி. யாருக்கும் குற்றமில்லை. (கோழைத்தனம்.)

ஓடியது சாமிநாதன். பிறகு சரணடைந்து, கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருக்கிறான். (சாமிநாதனை அதற்குப் பின் பார்த்தவர் எவருமில்லை.)

ஓடியது சாமிநாதன், வீராசாமியைச் சுட்டதும் அவன்தான். (எனக்கு அப்படி எழுத என்ன ஆதாரம்? என் தூக்கம் கெட்டது ஆதாரமாகுமா?)

மூன்றையும் கிழித்துவிட்டு, அவளையே கேட்கலாம் என்று லூபோக் சீனாவுக்குப் போனேன். அங்கே பாசாரில் கீரை விற்கிறாள் என்று அங்கமுத்து சொல்லியிருந்தான்.

7

நான் அடையாளம் கண்டுகொள்வதற்குள் அவள் கண்டுகொண்டாள். பெட்டியை நகர்த்தி உட்கார இடம் கொடுத்தாள். பெரிய மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். "இன்னும் சின்னப் பொண்ணுதான் ஐயா, அவங்கப்பாதான் அவசரப்படறாரு," என்றாள். வழியெல்லாம் பாடம் செய்து வந்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஐயா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் சொன்னத நீங்க தொரகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன். "கண்ணால பார்த்தேன்னு சொன்னதா சொன்னேம்மா."

அவள் கையிலிருந்த கங்குங் கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். என்னை நேராகப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அது தெளிவான வாக்கியம். இரண்டு பொருள் இல்லாதது. அதைப் பதினொரு முறை எழுதி, பதினொரு முறையும் அடித்துவிட்டேன்.

அவள் என்னிடம் சொன்னாள், துரையிடமல்ல. இந்த முறை மொழிபெயர்க்கவும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

கதைக்கு முடிவு வேண்டும் என்பவர்கள் அந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். தம்பியைக் காட்டுக்குக் கொடுத்தவர்கள் ஒன்று எழுதுவீர்கள், சாலையில் கணவனைக் கொடுத்தவர்கள் வேறொன்று எழுதுவீர்கள். எழுதிவிட்டு ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். கமலவேணிக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.