வெட்டிவேர்ப் பெட்டி

தில்லைநாயகம் பண்ணையார் தன் டிரைவர் பேச்சிமுத்துவின் சுண்டுவிரலை ஒடித்தது பட்டப்பகலில், தென்காசியில், கார் மெக்கானிக் மசூதுவின் பட்டறை வாசலில். நாலு பேர் பார்த்தார்கள். ஒருத்தனாவது வாயைத் திறக்கணுமே! எப்படித் திறப்பான்? மடைத்தண்ணீர்த் தகராறில் குத்தகைக்காரன் தங்கசாமியைக் களத்துக் கல்லில் கட்டிவைத்து அடித்தே கொன்ற மனுசன் அவர். அது நடந்து மூணு வாரம்தான் ஆகிறது. சாட்சி சொல்ல ஆளில்லாமல் கேஸ் கோர்ட்டுப் படியேறவில்லை.

விரல் ஒடிந்ததற்குக் காரணம் கார். மெட்ராசில் ஒரு வெள்ளைக்காரன் காரில் பார்த்துவிட்டு வந்து, தன் காரின் முன்பக்க இடது ஜன்னலில் பண்ணையார் ஒரு தகரப் பெட்டி மாட்டியிருந்தார். அதற்குள் வெட்டிவேர், மேலே தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேரில் இறங்கும். கார் ஓடும்போது காற்று அந்த ஈரவேருக்குள் புகுந்து, குளிர்ந்து உள்ளே வரும். ஒரு மாசம் ஜோராகத்தான் இருந்தது. இப்போது சித்திரை வெயிலில் உள்ளே அனல்.

"இந்தப் பய தண்ணி ஊத்தாம ஏமாத்துதான்," என்றார் பண்ணையார். "ஏலே மசூது, குத்தாலம் போய்ச் சேருததுக்குள்ள குளுந்த காத்து வரணும். வரல, உன் வலது கையில அஞ்சு விரலையும் ஒண்ணொண்ணா ஒடிப்பேன்."

சொன்னதைச் செய்கிற ஆள். அந்தக் கை போனால் மசூது பொண்டாட்டி பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

தொட்டியைப் பார்த்தான், நிறைய இருந்தது. துவாரம் அடைக்கவில்லை. வேரைப் பிழிந்தான், கையெல்லாம் தண்ணீர். "தண்ணி குத்தம் இல்லய்யா. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ஒடிந்த விரலில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு பேச்சிமுத்து ஓட்டினான். பண்ணையார் மடியில் துப்பாக்கியோடு பின்சீட்டில். எல்லாக் கண்ணாடியும் இறுக்க ஏற்றியிருந்தது. இட்லிக் கொப்பரை தோற்றுப் போகும், அப்படி ஒரு புழுக்கம். முன்சீட்டில் இருந்த மசூது பீடியைப் பற்றவைத்துப் பெட்டி வாயில் காட்டினான். புகை நின்ற இடத்திலேயே நின்றது.

"கண்டுபிடிச்சுட்டேன்யா!" வேலை பிடிபட்ட சந்தோசத்தில் முன்பின் யோசிக்காமல் கத்திவிட்டான். "காத்து வாரதுக்கு வழி இருக்கு, வெளிய போகதுக்கு வழி இல்ல. நெறஞ்ச குடத்துல எப்படித் தண்ணி ஊத்த? பின்னால ஒரு கண்ணாடிய எறக்கணும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அட பாவி, என்ன சொல்லித் தொலைத்தோம்!

தங்கசாமியின் பொண்டாட்டி வள்ளித்தாய் போலீஸ் கச்சேரி வாசலில் மண்ணை வாரித் தூற்றி, "உன் கழுத்த அறுக்காம நான் சாகமாட்டேன்டா," என்று கத்தியதைத் தென்காசியே பார்த்தது. பண்ணையார் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலமே காரில் கண்ணாடிகள் ஏறிவிட்டன, அப்புறம் இறங்கவேயில்லை.

துப்பாக்கிக் கட்டை மசூதுவின் வாயில் இறங்கியது. ஒரு பல் மடியில் விழுந்தது. "எவலே சொல்லிக் குடுத்தா? அந்த மூதேவியா?"

பெட்டியில் கோளாறு, ரெண்டு நாள் ஆகும் என்று புளுகியிருக்கலாம். வாயில் வரவில்லை. "அடிச்சுக் கொன்னாலும் குத்தம் இதாங்கய்யா," என்றான் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "பெட்டிக்குக் குறுக்கால, வலது பக்கம் பின் கண்ணாடி. நாலு விரக்கடை போதும்."

பண்ணையார் காரை நிறுத்தி அவனைப் பின்னால் வரச்சொல்லி, வலது கதவோரம் தரையில் குந்தவைத்தார். "கண்ணாடிக் கைப்பிடிய விடாத. ஆள் தலை தெரிஞ்சா ஏத்து."

கார் கிளம்பியது. மசூது நாலு விரற்கடை இறக்கினான். வெட்டிவேர் வாசத்தோடு சிலுசிலுவென்று காற்று வந்தது. ஜன்னலோரம்தான் இழுப்பு அதிகம். இடது பக்கம் உட்கார்ந்திருந்த பண்ணையார் மெல்ல நகர்ந்து வலது ஜன்னலோரம் வந்துவிட்டார். "இன்னும் எறக்கு," என்றார். பாதிவரை இறக்கினான். துப்பாக்கியைச் சீட்டில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடினார். மசூது தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். அல்லாவே, பிழைத்தோம் என்றிருந்தது.

மேலகரத்தில் ரெண்டு மாட்டுவண்டிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நின்றன. கார் நின்றது. ரோட்டோரமாகப் புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்தாள். பத்தடி தூரத்தில் மசூது அவள் முகத்தைக் கண்டுகொண்டான். வள்ளித்தாய். புல்லுக்கட்டு கீழே விழுந்தது. கையில் அரிவாள்.

சத்தம் கேட்டுப் பண்ணையார் கண்ணைத் திறந்தார். "ஏத்து! ஏத்துலே!" மசூதுவின் விலாவில் உதைத்தார். துப்பாக்கியைத் தேடிய கை அதைத் தரையில் தள்ளியது.

கைப்பிடி மசூதுவின் கையில் இருந்தது. நாலு சுற்றுச் சுற்றினால் கண்ணாடி ஏறிவிடும், நேரமும் இருந்தது. முன்சீட்டில் பேச்சிமுத்து எண்ணெய்த் துணி சுற்றிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மசூது சுற்றினான். கண்ணாடி முழுசாகக் கீழே இறங்கியது.

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தலைக்கு மேலே மூணு வெட்டுச் சத்தம் கேட்டது. அலறல் ரெண்டாவது வெட்டிலேயே நின்றுவிட்டது. வெதுவெதுப்பாக அவன் முதுகெல்லாம் நனைந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் வள்ளித்தாய் கையில் காய்ந்த ரத்தத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். "கண்ணாடி தொறந்துதான் கெடந்துச்சு," என்றாள். எசமான்தான் இறக்கச் சொன்னார் என்றான் பேச்சிமுத்து.

இன்ஸ்பெக்டர் மசூது பக்கம் திரும்பினார். "கைப்பிடி உன் கையிலதான இருந்துச்சு. அவ வாரதப் பாத்தியா இல்லியா?"

பல் போகும்போதுகூடப் பொய் வராத வாய், இப்போது கூசாமல் சொன்னது.

"பாக்கலய்யா."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். வள்ளித்தாய் தலையைத் தூக்கி மசூதுவைப் பார்த்தாள். அவன் போகும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.