கணக்கில் கெட்டிக்காரன்

அந்தச் சேவலின் கழுத்தைத் திருகிப்போட வேண்டும் போலிருந்தது நதானியேல் மாஸ்டருக்கு. திருகலாம், உயிருள்ள சேவலாக இருந்திருந்தால். இது மருதனார்மடம் சந்தியில், அருட்பிரகாசத்தின் மெத்தைக் கடை மொட்டைமாடியில் நிற்கிற பெரிய மின்திரையில் கூவுகிற சேவல். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் கடை பூட்டும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருதடவை கூவும். கூவி முடிந்ததும் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக அருட்பிரகாசமே திரையில் தோன்றி, "சனங்களே, எழும்புங்கோ! பிரகாசம் மெத்தையிலை படுத்தனீங்கள், பிரகாசத்தின்ரை ஆட்சிக்கு எழும்புங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்துவான்.

அருட்பிரகாசத்தைத் தெரியாதவர்கள் யாழ் குடாநாட்டில் குறைவு. மெத்தை விற்பதற்காக நாதஸ்வரம் தவில் முழங்க, கட்டிலில் படுத்தபடியே, எட்டுப் பேர் தோளில் இணுவிலிலிருந்து சந்திவரை ஊர்வலம் வந்தவன். தலையணைக்கும் மெத்தைக்கும் நாள் பார்த்துக் கலியாணம் செய்துவைத்து ஊருக்கே சோறு போட்டவன். பழைய பஞ்சுக்குப் புது உறை தைத்து விற்கிறான் என்று பாதிப் பேர் திட்டினார்கள். வியாபாரத்தில் விண்ணன் என்று மீதிப் பேர் மெச்சினார்கள். இப்போது மாகாண சபைக்கு வாக்குக் கேட்கப் போகிறானாம். தேர்தலுக்குத் திகதியே வரவில்லை, தன் சின்னம் கட்டில் என்று அவனே அறிவித்துவிட்டான்!

ஊர் சிரிக்கட்டும். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மனைவி ரேச்சலுக்குத் தை மாதம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நல்ல நித்திரைதான் இனி மருந்து என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். நித்திரையா? திரை நேரே அவள் படுத்திருக்கும் அறை யன்னலைப் பார்த்தபடி நின்றது. கண் அயர்ந்து ஏழெட்டு நிமிடம் போயிருக்காது, கொக்கரக்கோ! அவளுடைய உடம்பு தூக்கிப்போடும். நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுவாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணிப் பார்த்த கணக்கு மாஸ்டர், எண்ணுவதையே விட்டுவிட்டார்.

சும்மா இருக்கவில்லை மனிதர். மனு எழுதினார். சந்திக்கு அந்தப் பக்கம், கடைக்குப் பின்னால் குடியிருக்கும் மகாதேவி குடையையும் எடுத்துக்கொண்டு அவரோடு வெளிக்கிட்டாள். அவள் வீட்டுக்கு அந்தச் சத்தம் அவ்வளவாகக் கேட்பதே இல்லை. "எனக்குக் கேக்காட்டி என்ன மாஸ்டர், ரேச்சல் அக்காவுக்குக் கேக்குது தானே" என்றாள். இரண்டு பேரும் மூன்று நாள் வெயிலில் வீடு வீடாக ஏறி முப்பத்தொரு கையெழுத்து வாங்கினார்கள்.

அதைக் கொண்டுபோய் ஒரு அரசாங்கக் கந்தோரில் கொடுத்தால், "சத்தம் எங்கடை பகுதி இல்லை, விளம்பரப் பலகைதான் எங்கடை பகுதி" என்றார்கள். அடுத்த கந்தோரில், "பலகை மாடியிலை எல்லோ நிக்குது, றோட்டிலை நிண்டாத்தான் நாங்கள் கேக்கலாம்" என்றார்கள். மூன்றாவது கந்தோரில் மனுவை வாங்கி வைத்த அதிகாரி, "அவரோடை ஏன் கொழுவுறியள், நாளைக்குத் தேர்தலிலை வெண்டாலும் வெண்டுடுவார்" என்று புத்தி சொன்னார். என்ன கோதாரி நாடடா இது! அன்று பின்னேரமே மாஸ்டர் நேரே மெத்தைக் கடைக்குள் ஏறினார்.

அருட்பிரகாசம் அவரிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவன். "ஐயோ, என்ரை சேர்!" என்று ஓடிவந்தான். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு பொன்னாடை வந்து தோளில் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் பொன்னாடையைத் தட்டிவிட்ட மனிதர் இன்னும் பிறக்கவில்லை. சண்டைக்குப் போன மாஸ்டரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அதையும் கடையில் நின்ற ஒரு பெட்டை போனில் படம் பிடித்தாள்.

"தம்பி, உந்தச் சேவலை நிப்பாட்டு. மனிசி படுக்கையிலை கிடக்குது" என்றார் மாஸ்டர்.

"முதலே சொல்லியிருக்கலாமே சேர்! நீங்கள் மனுவோடை திரிஞ்சதைக் கேட்டு எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு." உண்மையாகவே கண்ணைத் துடைத்தான் பாவி. "உங்கடை பக்கம் ஒரு சத்தமும் வராமல் செய்யிறது என்ரை பொறுப்பு. எனக்காக நீங்கள் ஒரு வசனம் சொல்லுங்கோ, காணும். ‘அருட்பிரகாசம் என்ரை மாணவன், கணக்கிலை கெட்டிக்காரன், இவனிட்டை மாகாணத்தைக் குடுக்கலாம்.’ அவ்வளவுதான்."

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், சொந்த மகனுக்கே அரைப் புள்ளி இனாமாகப் போட்டதில்லை. இவனோ கடைசித் தவணையில் நூற்றுக்கு ஒன்பது புள்ளி எடுத்தவன். அதிலும் நாலு புள்ளி பக்கத்துப் பெடியனைப் பார்த்து எழுதியது!

"உனக்கு வெக்கமில்லையோடா?" என்று கத்திவிட்டு இறங்கி வந்தார். அந்தக் கோபத்திலும் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் ரேச்சலுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது சேவல் கூவியது. கஞ்சி புரைக்கேறி அவளுக்கு மூச்சுத் திணறியது. முதுகைத் தடவி, நிமிர்த்திப் பிடித்து, மூச்சு வருவதற்குள் மாஸ்டருக்கு உயிர் போய்விட்டது. அவள் கோணிய வாயால் மெல்ல, "இஞ்சருங்கோ... என்னாலை ஏலாது... நிப்பாட்டச் சொல்லுங்கோவன்" என்றாள். மூன்று மாதத்தில் அவள் முழுதாகச் சொன்ன முதல் வசனம் அது.

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கடையில் விளக்குப் போட்டு, பின்னால் சிவப்புத் துணி கட்டி, நாற்காலியில் இருத்தினார்கள். அவன் கேட்ட வசனத்தை ஒரே தடவையில் சொல்லி முடித்தார். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வகுப்பில் தேற்றம் சொல்லிக்கொடுக்கிற அதே குரல். அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

சொன்ன சொல்லை அருட்பிரகாசம் காப்பாற்றினான். அன்று பொழுதுபட முன்னமே சத்தம் நின்றது. யன்னலால் எட்டிப் பார்த்தால் மின்திரையின் முதுகுக் கம்பிகள்தான் தெரிந்தன. ரேச்சல் அடுத்த நாள் மத்தியானம் ஒரே இழுவையில் மூன்று மணித்தியாலம் தூங்கினாள். மாஸ்டர் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவள் குறட்டை விடுவதைக் கேட்டபடி இருந்தார். பொய்யாவது மண்ணாவது, கர்த்தர் மன்னிப்பார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

நாலாம் நாள்தான் மகாதேவியின் ஞாபகம் வந்தது. இத்தனை அலைந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, சந்தோஷப்படுவாள் பாவம் என்று பழைய மனுவின் பிரதியையும் எடுத்துக்கொண்டு சந்தியைக் கடந்தார். கடையைச் சுற்றி அவள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சேவல் கூவியது, காது கிழிய. அதற்குப் பின்னால் ஒரு குரல் இடிபோல இறங்கியது. "அருட்பிரகாசம் என்ரை மாணவன். கணக்கிலை கெட்டிக்காரன்..." நிமிர்ந்து பார்த்தார். தன் முகமே பனை உயரத்தில் நின்று மகாதேவியின் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் சத்தத்துக்குத் தடுப்பாகக் கட்டிலுறையைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே மகாதேவியின் மகள் தக்சாயினி இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்தாள்.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்றாள் மகாதேவி. முகத்தில் கோபமில்லை. கோபித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பிள்ளைக்கு வாற மாதம் ஓ.எல். சோதினை. வரியொண்டும் மண்டைக்குள்ளை ஏறுதில்லை எண்டு அழுகிறாள்."

மேசையில் ஒரு புது மனு கிடந்தது. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ‘ஓய்வுபெற்ற ஆசிரியர் நதானியேல் அவர்களின் பிரசாரக் குரலை நிறுத்தித் தருமாறு கோருவது’ என்று தலைப்பு. கீழே மகாதேவியின் கையெழுத்து மட்டும் இருந்தது.

"பேனையைத் தாங்கோ, மகாதேவி" என்றார். கை நீண்டது.

மகாதேவி பேனையைக் கொடுக்கவில்லை. "வேண்டாம் மாஸ்டர். நீங்கள் கையெழுத்து வைச்சால் உவன் திரையைத் திரும்பவும் உங்கடை பக்கம் திருப்பிப் போடுவான். ரேச்சல் அக்கா தாங்கமாட்டா. எனக்குத் தெரியாதே? நான் பாக்கிறன், நீங்கள் வீட்டை போங்கோ."

அவள் உரக்கத்தான் சொல்லவேண்டியிருந்தது. வெளியே அவருடைய குரல் திரும்பவும் தொடங்கிவிட்டது. பேனை மகாதேவியின் கையில்தான் இருந்தது; எட்டிப் பறித்திருக்கலாம். மாஸ்டர் மனுவைப் பார்த்தார், பஞ்சடைத்த பிள்ளையைப் பார்த்தார்.

"ரேச்சல் தனிய இருக்கிறா" என்றார். "நான் வாறன்."

மகாதேவி வாசலில் தொங்கிய துணியை அவருக்காக விலக்கிப் பிடித்தாள்.