அண்ணியும் இருக்கட்டுமா

...சரி என்று சொல்லிவிட்டாளே, இப்போது என்ன செய்வது, பாழாய்ப்போன வாய், டாக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணியும் இருக்கட்டுமாம்மா, இல்ல நாம ரெண்டு பேர் மட்டும் பேசலாமா?" என்று கேட்டார், அப்போது அண்ணியின் கை அவள் தோளில் இருந்தது, அண்ணி போகட்டும் என்றுதான் நினைத்தாள், சத்தியமாக அதைத்தான் நினைத்தாள், வாயிலிருந்து வந்தது "இருக்கட்டும், சரி." அவ்வளவுதான், அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாயிற்று, கதவும் சாத்தியாயிற்று. மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எது கேட்டாலும் சரி என்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி, அவளைப் போல மெதுவாகப் புரிகிறவர்களுக்கான பயிற்சி மையத்தில் டீச்சர் அப்படித்தான் பழக்கினார், சரிங்க என்று சிரித்தால் சமத்து, மாட்டேன் என்றால் அன்றைக்கு மூலையில் தனியாக உட்கார வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இவள் பிழைத்தது இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். முப்பத்திரண்டு வயதாகிறது, வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

டாக்டரம்மா நல்லவர் போலத்தான் இருக்கிறார், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார், ஆனால் இவர் சொல்வதுதான் கோர்ட்டில் செல்லுமாம், அண்ணன் வண்டியில் வரும்போது சொன்னான். பாப்பாவுக்குச் சொந்தமாக முடிவெடுக்கிற புத்தி இருக்கிறது என்று இவர் சொன்னால் போலீஸ் பிடித்து வைத்திருக்கிற இஸ்திரிக்காரரை விட்டுவிடுவார்கள், இல்லை என்றால் அவருக்கு ஜெயில், அவளுக்கு ஆயுசுக்கும் அண்ணன்தான் எல்லாம், அவன் சொல்கிற இடத்தில் இருக்க வேண்டும், அவன் போகச் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும். இஸ்திரிக்காரர் இப்போது எங்கே இருப்பார், அங்கே விளக்கு இருக்குமா, காது மந்தம் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா, கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்று அடித்தால்? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவர் பெட்டி போடுவார், அவள் விரிப்புகளை மடிப்பாள், நாலு மூலையும் பொருந்த, அவளைப் போல யாருக்கும் வராது என்று சூப்பர்வைசரே சொல்வார். அங்கே மெஷின் இரைச்சலில் எல்லோருக்குமே காது கேட்காது, அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் ஒருத்தர்தான் அவளை 'நீங்க' என்பார், முதல் நாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று... எல்லாம் அவளால் வந்த வினை. சந்தோஷம் தாங்காமல் அண்ணியிடம் அவளேதான் போய்ச் சொன்னாள், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கப் போறோம், அவர் ரூமுக்கு நான் போயிருக்கேன் என்று. அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மறுநாளே அண்ணன் போலீசுக்குப் போய்விட்டான், விவரம் தெரியாத பெண்ணைக் கெடுத்துவிட்டான் என்று.

"குழந்தை எப்படி வரும்னு தெரியுமாம்மா?"

தெரியும், எப்படித் தெரியாமல் இருக்கும், பிரசவ வார்டு விரிப்பெல்லாம் அவள் கைக்குத்தானே வருகிறது, குழந்தை உண்டாகாமலிருக்க மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாள், எப்படி என்று நர்சக்கா படம் போட்டுக் காட்டியிருக்கிறார், எல்லாம் தெரியும்... ஆனால் அண்ணியின் வளையல் லேசாகச் சத்தம் போட்டது, பக்கத்தில் பெரியவள் உட்கார்ந்திருக்க அதை எப்படிச் சொல்வது, காது சுடுகிறது. "தெரியாது," என்றாள். அண்ணி பெருமூச்சு விட்டாள். "பாருங்க டாக்டர், பச்சைக் குழந்தை மாதிரி. இவள வச்சுக்கிட்டு நாங்க படற பாடு எங்களுக்குத்தான் தெரியும்." டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தப்பு, தப்பாகச் சொல்லிவிட்டாள், போச்சு, ஒன்று போச்சு. அண்ணி கெட்டவள் இல்லை, இவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தவள்தான், அவளுக்கும் பயம், அந்த இஸ்திரிக்காரன் நாளைக்கே கைவிட்டுட்டா யார் பாக்கறது என்று அழுதாள், அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. கெட்டவர்கள் என்றால் ஓடிவிடலாம்.

"அவர் உன்னை வற்புறுத்தினாரா? வேண்டாம்னு சொல்லத் தோணுச்சா உனக்கு?"

"அவளுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதுங்க டாக்டர்," என்றாள் அண்ணி, "யார் கூப்பிட்டாலும் போயிடுவா." யார் கூப்பிட்டாலும்... அண்ணிக்கு அது தெரியும். பயிற்சி மையத்து வேன் டிரைவர் கடைசி ஆளாக அவளை இறக்கிவிடுவான், வண்டியை எங்கேயோ நிறுத்துவான், அவள் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களே, அவனுக்கு அது போதுமாக இருந்தது. வயிறு வலிக்கிறது என்று அண்ணியிடம் சொன்னாள், ஏன் என்றும் சொன்னாள். "வெளிய மூச்சு விடாத பாப்பா, நம்ம மானம் போயிடும்," என்றாள் அண்ணி, வேனை மட்டும் மாற்றினார்கள். அப்போது போலீஸ் வரவில்லை. டாக்டரம்மா வரவில்லை. உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. இப்போது, இஸ்திரிக்காரர் ரூமுக்கு அவளாகப் படியேறிப் போய், அவளாகக் கதவைத் தட்டியதற்கு... கையை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதா அவளுக்கு? சொல்லியிருக்கிறாளே. யாரிடம்? அண்ணனிடம் இல்லை, டீச்சரிடம் இல்லை, அந்த வேனில் இல்லை... அவரிடம். அவருக்குக் காதில் வார்த்தை விழாது, அதனால் முகத்தைத்தான் பார்ப்பார், பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பழக்கத்தில் சரி என்றாள், அவர் கையை எடுத்துக்கொண்டார், "வாய் சரிங்குது, மூஞ்சி இல்லைங்குதே, எத நம்பறது?" என்று சிரித்தார், அன்றைக்கு ரெண்டு பேரும் சும்மா ரேடியோவைப் பெரிதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை வேண்டாம் என்றிருக்கிறாள், இன்னைக்கு வேண்டாம், இது வேண்டாம், கொஞ்சம்கூடப் பயமில்லாமல். உலகத்திலேயே அவரிடம் மட்டும்தான்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" டாக்டரம்மா பேனாவை மூடப் போகிறார். இல்லைங்க, சரிங்க, என்று வாய் தயாராக நிற்கிறது, நாக்கு நுனியில் வந்துவிட்டது, கடித்துக்கொண்டாள். வலித்தது. "அண்ணி, நீங்க வெளிய இருங்க."

"என்ன பாப்பா?"

"நீங்க இருக்க வேண்டாம். வெளிய போங்க."

இப்போது அடி விழும் என்று தோளைச் சுருக்கினாள், ஒன்றும் விழவில்லை. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது, டாக்டரம்மாவைப் பார்த்தாள், டாக்டரம்மா கதவைப் பார்த்தார். அண்ணி போனாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுதுகொண்டே போனாளோ என்னவோ. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிழல் மட்டும் நிற்கிறது. பேனா மறுபடி திறந்தது. "உனக்கு இப்படிச் சொல்ல வரும்னு நான் நினைக்கலம்மா," என்றார் டாக்டரம்மா, மெதுவாக, "எங்க கத்துக்கிட்ட?" சொல்ல வாயைத் திறந்தாள், அவர்கிட்டதான் என்று சொல்ல வேண்டியதுதான், அதுதானே உண்மை... திறந்த வாய் அப்படியே நின்றது. அவர்தான் என்று சொன்னால், இதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பினான் என்று எழுதிவிடுவார்களோ?