முந்திக்கொண்ட ஆடி

"இந்த மாசம் நீ இந்த மனையில இருக்கக் கூடாதும்மா. நாளைக்கே அம்மா வீட்டுக்குப் போயிடு" என்றாள் மாமியார் லட்சுமம்மா.

ஏன் என்று கேட்கக் காந்தாவுக்கு வாய் வரவில்லை. காரணம்தான் தெரிந்ததாயிற்றே! முந்தின நாள் அவள் கைநழுவவிட்ட ஊறுகாய் ஜாடி சுக்குநூறாகிப் போயிருந்தது. வருஷத்துக்கு வைத்திருந்த மாங்காய் முழுக்க மண்ணில். லட்சுமம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அறுபத்திரண்டாம் வருஷம் அது. எட்டுக் கிரகம் ஒன்றுகூடி உலகமே அழியப்போகிறது என்று பிப்ரவரியில் ஊரே நடுங்கியது. அழியவில்லை. வைகாசியில் பெங்களூர் பொம்மனஹள்ளிக் கன்னடக்காரர் வீட்டு முனிராஜுக்கும் நீலசந்திராவில் இருந்த தமிழ்க் குடும்பத்துக் காந்தாவுக்கும் கல்யாணம் நடந்தது. ஆனி முடிவதற்குள் பெண் துணிமூட்டையோடு பிறந்த வீட்டு வாசலில் நின்றாள்.

"ஆடிக்குக் கூட்டியாரலாம்னு இருந்தேன். ஆனியிலயே தொரத்திட்டாளா? இன்னாடி பண்ணே?" அம்மா சின்னத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா."

ஜாடியைப் பற்றிச் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. குளிக்கவேண்டிய நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வேறு சமயமாக இருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பாள். இப்போதோ வயிற்றைத் தொடவே பயமாக இருந்தது. திரும்ப அழைக்காமலே விட்டுவிட்டால் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

ஒருநாள் சாயங்காலம் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சந்து முனையில் முனிராஜ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவளைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். குடம் நிரம்பி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. புருஷனும் கைவிட்டுவிட்டான் என்று அன்று ராத்திரி முழுக்க அழுதாள்.

ஆடி பிறந்தது. ஊர் வாய்க்கு ஒரு சாக்குக் கிடைத்ததே என்று சின்னத்தாயி மூச்சுவிட்டாள். காந்தாவுக்கு அந்த மூச்சும் வரவில்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில் முனிராஜும் லட்சுமம்மாவும் பூவும் பழமுமாக வந்து நின்றார்கள்.

"ஆஷாட முடிஞ்சுதம்மா. மருமகளை அனுப்புங்க" என்றாள் லட்சுமம்மா.

சின்னத்தாயி விழித்தாள். "ஆடி பாதிகூட தாண்டலியே?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கன்னடத்து மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கும். தமிழ் மாதத்துக்குச் சூரியன் ராசி மாறவேண்டும். அந்த வருஷம் அவர்களின் ஆடியான ஆஷாடம் இரண்டு வாரம் முந்திக்கொண்டது. அந்த மாதத்தில் மாமியாரும் புது மருமகளும் ஒரே வாசற்படியைத் தாண்டக் கூடாது. மாப்பிள்ளையும் மாமியார் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது.

"அதனாலதான் அன்னிக்குத் திரும்பிட்டேன்" என்றான் முனிராஜ், தலையைச் சொறிந்துகொண்டு.

"அப்போ ஜாடி?" என்றாள் காந்தா.

"எந்த ஜாடி? அதுவா! புதுசு வாங்கி வெச்சிருக்கேன். நீ வந்து ஊறுகா போடு" என்றாள் லட்சுமம்மா.

காந்தா சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. ஆனால் சின்னத்தாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மாசம் முடிஞ்சா எங்க மாசம் முடியணுமா? ஆடியில சேர்த்து வெச்சா சித்திரை வெயில்ல பிள்ளை பொறக்கும். தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. நான் அனுப்ப மாட்டேன்."

லட்சுமம்மாவின் முகம் சுண்டிப்போனது. பூத்தட்டைக் கீழே வைத்தாள். இவர்கள் பெண்ணை நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று அவள் நினைப்பது காந்தாவுக்குப் புரிந்தது. ஒரு மாதமாகத் தன் நெஞ்சை அரித்த அதே பயம்தான். ஐயோ, மறுபடியுமா!

அவள் உள்ளே போய்த் துணிமூட்டையை எடுத்துவந்தாள். அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"சித்திரைக்குப் பயப்படாதம்மா. இது பங்குனியிலயே வந்துடும்."

சின்னத்தாயி அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு வாசற்படியை விட்டு நகர்ந்தாள்.